‘செக்கானூர் அணியில்’ இருவர் கைது: ஒரு பகுதி நிருபரும் அவருடைய போன்களும்

மதுரையிலிருந்து தேனி போகிற சாலையில், உசிலம்பட்டிக்கு முன்னால் வரும் ஊர் செக்கானூரணி. 2018-இல் ஒருநாள் இரவு எங்கள் உசிலம்பட்டிப் பகுதி நிருபர் அனுப்பிய செய்தியில் அது ‘செக்கானூர் அணி’ ஆகியிருந்தது. “செக்கானூர் அணியில் இருவர் கைது.” ஏதோ கபடிக் குழுவில் ஆள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் போல என்று நினைத்து போன் போட்டேன்.

“நான் சரியாத்தான் தம்பி சொன்னேன். போன்தான் அப்படி எழுதியிருக்கு” என்றார்.

அதுவரை அவர் எப்போதும் ‘எழுதினேன்’ என்பார். அன்றைக்கு ‘சொன்னேன்’ என்றார், எழுதியது போன். போன் மாற மாற அவருடைய எழுத்தும் வேலையும் எப்படி மாறின என்று பார்க்கிற இந்த ஆய்வுக்கான குறிப்புகளை அன்று இரவுதான் எடுக்க ஆரம்பித்தேன்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். 2001 முதல் சுற்றுவட்டாரச் செய்திகள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே அவர் ‘அண்ணன்’. நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கையில் இருந்த சான்றுகள் இவை: அவருடைய டைரிகள், வெட்டி ஒட்டி வைத்திருந்த செய்தித் துணுக்குகள், எங்கள் இருவருக்கும் இடையே போன வாட்ஸ்அப் உரையாடல் மொத்தமும். எஸ்எம்எஸ் காலத்துச் செய்திகளை அவர் டைரியில் நகலெடுத்து வைத்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். இன்பாக்ஸ் நிறைந்தால் அழிக்க வேண்டுமே, அதற்காகச் செய்தது. அதற்கும் முந்தைய காலத்துக்கு எங்கள் ஞாபகம் மட்டும்தான் சாட்சி.

கவர்

பகுதி நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை வெட்டி, தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். ஒரு காலம் (column) அகலத்தில் இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை ரூபாய். எனவே நீளமாக எழுதினால் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்து அண்ணனின் காப்பி, அதாவது எழுதி அனுப்புகிற செய்தி, நீளமாக இருக்காது. ஏன் என்று கேட்டேன்.

காரணம் பேருந்து. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, பழுப்புக் கவரில் போட்டு, ‘பிரஸ் – அவசரம்’ என்று மேலே எழுதி, கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். அரப்பாளையம் பேருந்து நிலையத்தில் எங்கள் அலுவலகப் பையன் காத்திருந்து வாங்கிக்கொண்டு வருவான். ஐந்தரை வண்டியை விட்டால் வெளியூர்ப் பதிப்புக்குச் செய்தி சேராது. வண்டி கிளம்பிய பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. “கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிப்பேன். நாக்குல எச்சி தொட்டு ஒட்டிட்டா அப்புறம் அது கடவுள் விட்ட வழி” என்றார்.

அடித்தல் இல்லாத கையெழுத்து. நேராக அச்சுக்கோப்புக்குக் கொடுக்கலாம். நான் தலைப்பு போடுவேன், அவ்வளவுதான். அவசரச் செய்தி என்றால் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். “மூணு சுழி ண”, “குண்டு ள” என்று பெயர்களை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்வார். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அதை மட்டும் விடமாட்டார்.

70 எழுத்து

2003-இல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. அதில் ஒன்றை அண்ணன் 2004-இல் வாங்கினார். வாங்கக் காரணம் எஸ்எம்எஸ் அல்ல, மேலே இருந்த டார்ச். கணவாய்ப் பக்கம் ராத்திரி விபத்து நடந்தால் நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டும்.

எஸ்எம்எஸ் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு செய்திக்கு 140 பைட்தான் இடம், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 7 பிட் பிடிப்பதால் அதில் 160 எழுத்து அடங்கும். யூனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழுக்கு ஒரு குறிக்கு 2 பைட், ஆக 70தான். அந்த 70-உம் நம் கண் எண்ணுகிற 70 அல்ல. ‘லா’ நமக்கு ஒரு எழுத்து. போனுக்கு ‘ல’ ஒன்று, கால் ஒன்று. ‘ழ்’ என்றாலும் ‘ழ’ ஒன்று, புள்ளி ஒன்று. “எழுமலை அருகே லாரி கவிழ்ந்து இருவர் பலி” என்ற வரியில் நாம் எண்ணினால் 20 எழுத்து. போன் எண்ணினால் 33. இடைவெளிகளையும் சேர்த்தால் 38. ஒரு தலைப்பு போட்டதுமே பாதிக்கு மேல் காலி.

அண்ணனுக்கு இந்தத் தொல்லை வரவில்லை, ஏனென்றால் அந்தப் போனில் அவருக்குத் தமிழே அடிக்க வரவில்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழ் எழுதினார். அதில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ன, ண, ந ஒன்றாகிவிடும். பூத்தில் நின்று சுழி எண்ணிச் சொன்ன மனிதர் அதே எழுத்துகளை ஒரே கட்டையில் தட்டி அனுப்பினார். எழுத்தை மிச்சம் பிடிக்க இரட்டை மெய்யையும் சுருக்கிவிடுவார்.

2006 என்று நினைக்கிறேன். “வேன் கவிழ்ந்து 4” என்று ஆரம்பித்த செய்தியில் அடுத்த சொல் பி, ஏ, எல், ஐ. அதற்கடுத்து ‘மாணவர் காயம்’. நான்கு பேர் பலி, மாணவர்கள் காயம் என்று படித்துவிட்டேன். முதல் பக்கத்துக்குச் சொல்லியும்விட்டேன். ஆட்கள் பெயர் கேட்பதற்காகக் கூப்பிட்டபோது, “பலியா? யாரு செத்தா? நாலு பள்ளி மாணவர்னுல்ல போட்டிருக்கேன்” என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. பெயர் கேட்கிற பழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மறுநாள் நான்கு வீட்டில் இழவு விழுந்திருக்கும், அச்சில்.

ஆனாலும் அந்தப் போன் அவருக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. கவர் காலத்துக் காப்பியில் நிகழ்ச்சி மூன்றாம் வரியில்தான் வரும். முதல் இரண்டு வரியில் ஊர் எங்கே இருக்கிறது, எந்தச் சாலை, என்ன திருவிழா என்றெல்லாம் இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் அதற்கு இடமில்லை. எங்கே, என்ன, எத்தனை பேர், எந்த ஸ்டேஷன்: இந்த நான்கும் முதலில் வந்து விழ ஆரம்பித்தன. பத்திரிகைப் பள்ளியில் பாடம் நடத்திச் சொல்லிக்கொடுப்பதை ஒன்றரை அங்குலத் திரை சொல்லிக்கொடுத்துவிட்டது.

அதே சமயம் வேறொன்றும் நடந்தது, நான் அப்போது கவனிக்கவில்லை. நான்கு விவரம் வந்தால் மீதிச் செய்தியை யார் எழுதுவது? நான்தான். அவர் எஸ்எம்எஸ் அனுப்புவார். நான் திரும்பக் கூப்பிட்டு, கேட்டு, பத்தி பத்தியாக எழுதுவேன். அச்சான செய்தி அவர் கணக்கில் போகும். வாக்கியம் என்னுடையது. கவர் காலத்தில் அவர் உசிலம்பட்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த வேலையில் பாதி, எந்த உத்தரவும் இல்லாமல், மதுரையில் என் மேஜைக்கு வந்துவிட்டது. அப்புறம் வந்த ஒவ்வொரு போனும் இப்படித்தான் வேலையில் ஒரு பங்கை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தள்ளியிருக்கிறது. தட்டுகிற வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கட்டம் கட்டமாக

2012-இல் வாங்கிய முதல் ஆண்ட்ராய்டு போனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 2.3. தமிழ் எழுத்துரு இல்லை. தமிழில் எது வந்தாலும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒன்றரை வருடம் அதைப் படம் எடுக்க மட்டுமே வைத்திருந்தார்.

அடுத்த போனில் தமிழ் தெரிந்தது. எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர் முத்து நெடுமாறனின் செல்லினத்தை இறக்கிக் கொடுத்து, தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினார். ந-வையும் த-வையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘ந்த’ என்று புள்ளி தானாக விழுகிறதே, அதில் அண்ணனுக்கு ஏக சந்தோஷம். ஒரு வாரம் ‘வந்து, இந்த, சொந்தம்’ என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். பத்து வருடம் கழித்து ழகரம் திரும்பி வந்தது.

வந்த ழகரம் எங்கள் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. நாங்கள் அப்போது பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தோம். அதற்கு யூனிகோடு தெரியாது. அண்ணன் அனுப்பிய சுத்தமான தமிழை எடுத்து ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். எனவே ஆபரேட்டர் அதைப் பார்த்து மறுபடி அடிப்பார். போனில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை. எழுத்துரு மாற்றி என்று ஒரு மென்பொருள் வந்து சேரும்வரை இந்தக் கூத்து நடந்தது. அது வந்த பிறகும் சில வருடங்கள் ‘கௌ’ வருகிற இடமெல்லாம் உடைந்து வரும். கௌரவர், கௌதம், கௌசல்யா ஆகியோர் எங்கள் பக்கத்தில் நிறைய அவதிப்பட்டார்கள்.

விரல்

இந்தக் கட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. 2015 ஏப்ரலில் கூகுள் கையெழுத்து உள்ளீட்டுச் செயலியை வெளியிட்டது. திரையில் விரலால் எழுதினால் அச்செழுத்தாக மாற்றித் தரும்; தமிழும் உண்டு. அடுத்த வருடம் மகன் வாங்கிக் கொடுத்த பெரிய திரைப் போனில் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டார்.

அவர் எழுதுவதை ஒருமுறை உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நின்று பார்த்தேன். போனை இடது உள்ளங்கையில் படுக்கப் போட்டு, ஆள்காட்டி விரலால், ஒரு சொல், ஒரு நிறுத்தம். சொல் சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்தது. ‘ழ’ எழுதும்போது கீழ்ச் சுழிப்பை முழுதாக முடிப்பார். திரை விளிம்பில் விரல் இடிக்கும். வாய் லேசாக முணுமுணுக்கும். கவர் காலத்தில் பேனாவோடு எப்படி உட்கார்ந்திருப்பாரோ அதே உட்காரல்.

அந்த இரண்டு வருடக் காப்பியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நான் அநேகமாகக் கை வைக்கவே இல்லை. வாக்கியம் மறுபடி அவருடையது. எஸ்எம்எஸ் கற்றுக்கொடுத்த முதல் வரி இருக்கிறது, கவர் காலத்துப் பத்தியும் இருக்கிறது. அவருடைய எழுத்தில் சிறந்த காலம் என்று நான் கைகாட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். அவரைக் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார். “விரல் நுனி காய்ச்சுப் போச்சு தம்பி, உனக்கென்ன” என்பார்.

குரல்

2017 ஆகஸ்டில் கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியிருந்தது. அண்ணனுக்கோ கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. மூன்றும் சேர்ந்தன. மைக் பட்டனை அழுத்திப் பேச ஆரம்பித்தார்.

முதல் மாதம் வந்ததை நான் செய்தி என்று சொல்லமாட்டேன். நிறுத்தக்குறி கிடையாது. ‘கமா’ என்று சொன்னால் ‘கமா’ என்றே எழுதியது. ‘முற்றுப்புள்ளி’ என்றால் முற்றுப்புள்ளி என்ற சொல்லே வந்து நின்றது. அதனால் அவர் எதையும் சொல்வதை விட்டுவிட்டார். இருநூறு சொல் ஒரே மூச்சில் வரும். தமிழாக இருந்ததால் பிழைத்தேன்: வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. ‘-ஆர்’, ‘-அனர்’, ‘-அது’ எங்கே என்று தேடிப் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம்.

அதைவிடப் பெரிய தலைவலி ‘வந்து’. பேசும்போது மூச்சு வாங்க நாம் எல்லோரும் போடுகிற ‘வந்து’. போனுக்கு அது எப்படித் தெரியும்? “போலீசார் வந்து அவரை வந்து விசாரணைக்கு வந்து அழைத்துச் சென்றனர்.” இதில் எந்த ‘வந்து’ உண்மையில் வந்தது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் சிதைந்தன. செக்கானூரணி கதையை மேலே சொன்னேன். எழுமலை ‘ஏழுமலை’ ஆகிவிடும், ஊர் ஆளாகிவிடும். பேரையூர்ப் பக்கம் டி.கல்லுப்பட்டியும் உண்டு, எம்.கல்லுப்பட்டியும் உண்டு. முன்னெழுத்து ஒருமுறை ‘டீ’ என்று வரும், ஒருமுறை வராமலேயே போகும். எது என்று கூப்பிட்டுக் கேட்காமல் போடவே முடியாது.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துவிடலாம். அச்சில் ஏறிய பிழை வேறு. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. உசிலம்பட்டிக்காரர்களுக்கு அணை எண்மீது எப்போதும் ஒரு கண் உண்டு. அது ஏறினால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் கேட்க முடியும். ஒரு மழைக்காலத்து இரவு அண்ணன் “அறுபத்தெட்டரை” என்று சொல்லாமல் “அறுபத்தெட்டு புள்ளி அஞ்சு” என்று சொன்னார். போன் 685 என்று எழுதியது. நான் தூக்கத்தில் இருந்தேனோ என்னவோ, வெளியூர்ப் பதிப்பில் அப்படியே போய்விட்டது. அணையின் முழு நீர்மட்டமே 71 அடி. மறுநாள் காலை வந்த போன்களை எண்ணவில்லை. ஒரு விவசாயி மட்டும் நிதானமாகக் கேட்டார்: “சார், அப்ப மீனாட்சி அம்மன் கோபுரம் மேலயா தண்ணி போகுது?”

யார் தப்பு? அவர் சரியாகத்தான் சொன்னார். படித்துப் பார்க்கவில்லை, கண் தெரியவில்லை. போன் கேட்டதை எழுதியது. நான் பார்த்திருக்க வேண்டும். என் மனத்திலோ அண்ணன் எண்ணில் தப்பு விடமாட்டார் என்ற பழைய கவர் காலத்து நம்பிக்கை. கவருக்குப் பின்னால் இருந்த ‘ரெண்டு தடவை படிப்பு’ போய்விட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எட்டு நாள்

2021-இல் அண்ணனின் போன் பைக்கிலிருந்து விழுந்து திரை உடைந்தது. மதுரை மீனாட்சி பஜாரில் கொடுத்தார். டிஸ்பிளே சென்னையிலிருந்து வர வேண்டும் என்று எட்டு நாள் இழுத்தடித்தார்கள். அந்த எட்டு நாளும் வீட்டில் கிடந்த பழைய பட்டன் போன்.

எஸ்எம்எஸ் வந்தது, பதினைந்து வருடத்துக்கு முந்தைய அதே மாதிரி. எங்கே, என்ன, எத்தனை, எந்த ஸ்டேஷன். ஆங்கில எழுத்தில் தமிழ். வியப்பு என்னவென்றால், அந்த எட்டு நாளில் ஒரு எண்ணும் தப்பாக வரவில்லை. எண்ணை அவர் விரலால் அடித்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் பழைய போன்தான் நல்லது என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். படம் ஒன்றும் இல்லை. இரண்டு செய்தியில் ஊர் எதுவென்று புரியாமல் விட்டுவிட்டேன். கூப்பிட்டால் சார்ஜ் நிற்காமல் கட்டாகும். அவரும் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

அதிலிருந்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். போன் திரும்பி வந்ததும் பேசினோம். குரலில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள் அண்ணே. ஆனால் உச்சியில் ஒரு வரி மட்டும் கையால் அடியுங்கள், பேர், ஊர், வயது, எண்ணிக்கை. கீழே குரலில் வந்ததும் மேலே கையால் வந்ததும் முரண்பட்டால் மேலே இருப்பதையே நான் எடுத்துக்கொள்வேன். “இது என் பழைய எஸ்எம்எஸ்தானப்பா” என்றார். ஆமாம், அதேதான். இன்றுவரை அப்படித்தான் வருகிறது. 685 மாதிரி ஒன்று அதற்குப் பிறகு வரவில்லை. ‘வந்து’ மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

போகாத ரவுண்ட்ஸ்

எழுத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். முன்பு காலையில் அவருக்கு ஒரு ரவுண்ட்ஸ் உண்டு: ஸ்டேஷன், அரசு மருத்துவமனை, யூனியன் ஆபீஸ், கோர்ட். இப்போது போலீஸ் குறிப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிடுகிறது. எல்லாப் பத்திரிகை நிருபர்களும் அதே குரூப்பில். எனவே எல்லாப் பத்திரிகையிலும் அதே வாக்கியம், சில நாள் அதே எழுத்துப்பிழை. ஸ்டேஷனுக்குப் போன காலத்தில் குறிப்பு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வாசல் வேப்பமரத்தடியில் புகார் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிற குடும்பம் கண்ணில் படும். மறுநாள் செய்தி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். குரூப்பில் வேப்பமரம் கிடையாது. இதை நான் சொன்னபோது அண்ணன் கொஞ்சம் கோபப்பட்டார். “பெட்ரோல் நீ போடுறியா?” என்றார். நியாயமான கேள்வி. சென்டிமீட்டர் கணக்குக்கு இன்றைய பெட்ரோல் கட்டாது.

குரலில் எழுதுவது அவர் உட்காருகிற இடத்தையும் மாற்றியது. டீக்கடை பெஞ்சில் பேனாவோடு எழுதினால் பக்கத்து ஆளுக்கு என்ன எழுதுகிறார் என்று தெரியாது. போனிடம் சொன்னால் கடைக்கே தெரியும். “இன்னார் மகன் இன்னார், வயது இத்தனை” என்று ஆரம்பித்தாலே டீ ஆற்றுகிறவர் கை நிற்கும். ஆகவே இப்போது ஊருக்கு வெளியே போய், சாலையோரப் புளியமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டுப் பேசுகிறார். அவர் அனுப்பிய குரல் பதிவுகளில் பின்னால் காகமும் லாரி ஹாரனும் கேட்கும்.

ஒரு வகைச் செய்திக்கு மட்டும் புளியமரமும் ஆகாது என்கிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என எதுவும் ஊடகத்தில் வெளிவரக் கூடாது. அச்சில் நாங்கள் போடமாட்டோம், அது சரி. ஆனால் செய்தி என்னிடம் வந்து சேருவதற்குள் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே. “ரோட்டுல போறவன் காதுல விழுந்தா என்ன பண்ணுவ? அந்தப் புள்ள இந்த ஊருலதான இருக்கணும்” என்றார்.

போன மாதம் அப்படி ஒரு வழக்கு. இரவு எட்டரைக்கு “ஒரு மேட்டர் இருக்கு, கொஞ்சம் பொறு” என்று மட்டும் வந்தது. குரல் பதிவு இல்லை. உச்சி வரி இல்லை. பெயரும் ஊரும் வேண்டாத செய்திக்கு அந்த வரி எதற்கு? விரலால்தான் எழுதிக்கொண்டிருந்தார் போல. கண் அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் கண்ணாடி பழகவில்லை. என் திரையில் அவர் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று பச்சையில் தெரியும், மறையும், மறுபடி தெரியும். ஒன்பது மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டும் என்று ஆபரேட்டர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆறாம் பக்கத்தில் இரண்டு காலம் அகலத்துக்கு இடம் விட்டு வைக்கச் சொன்னேன்.